நான்கு புடவை நீளம்

செப்டம்பர் 2, திங்கள். போர்ட்டிக்சன், மலேசியா

முதலில் ஒரு திருத்தம். கணவர் போன துக்கம் தாங்காமல்தான் நான் இந்த வயதில் நீந்தவும் சைக்கிள் மிதிக்கவும் ஓடவும் கிளம்பிவிட்டேன் என்று என் மகன் இன்பநாதன் உறவினர் எல்லோரிடமும் சொல்லிவருகிறான். தவறு. தலைமையாசிரியை பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், ஐம்பத்தெட்டு வயதில் தொடங்கினேன். இப்போது அறுபத்தாறு. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்த என் கணவர்தான் பாளையங்கோட்டையில் என் ஓட்டப் பாதையைச் சங்கிலி பிடித்து அளந்து கொடுத்தார். தாமிரபரணியில் நான் நீந்தும்போது கரையில் குடையோடு நிற்பார். நேரத்துக்குள் வந்தால் குடையை உயர்த்துவார். வராவிட்டால் உயர்த்த மாட்டார். சலுகை கிடையாது.

துக்கம் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். அவர் காலமானது போன ஆண்டு ஜூலையில். பதினாறாம் நாளுக்குள் அவர் பொருள்களை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். சட்டை பதினொன்று, வேட்டி ஆறு, குடை ஒன்று. தையல்காரர் இசக்கிமுத்து ஃபோன் செய்து, "சார் குடுத்தது ரெடிம்மா" என்றார். பேண்ட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். துக்கத்தில் புத்தி தடுமாறியவள் இத்தனை முறையாக நடந்துகொள்வாளா?

இந்த மாதம் 29ஆம் தேதி இங்கே நீண்டதூர டிரையத்லான். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலை எழுபது நிமிடத்தில் முடிக்காதவர்களை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். என் வயதுப் பிரிவில் பெயர் கொடுத்த பெண் நான் ஒருத்திதான்.

இன்பநாதனுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: முடித்துவிட்டால் பாளையங்கோட்டை வீட்டில் நான் தனியாக இருப்பதைப் பற்றி அவன் இனிமேல் பேசக்கூடாது. முடிக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரில் அவனோடு போய் இருப்பேன்.

தங்கியிருப்பது என் கணவரின் சித்தப்பா மகனுடைய, பூட்டிக் கிடந்த அடுக்குமாடி வீடு. கார் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

அதிர்ச்சி. சாலைக்கு நடைபாதையே இல்லை. மளிகைக் கடை நான்கு கிலோமீட்டர். போட்டி நடக்கும் கடற்கரை பதினொன்று. பேருந்து எப்போது வரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சைக்கிளில் போய் அரிசி, பருப்பு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் பூட்டுப் போடக் குனிந்தேன். ஒரு குரங்கு சீப்பை முழுதாக எடுத்துக்கொண்டு போயிற்று. காவலாளி அஸ்மான் பார்த்துக்கொண்டே நின்றார். மலாய்க்காரர். அது தினமும் வருவதுதான் என்றார், பால்காரரைப் பற்றிச் சொல்வது போல.

பெட்டியைப் பிரித்தேன். புடவை இரண்டுதான் எடுத்து வைத்தேன். மூன்றாவதாக அந்த மஞ்சளும் எப்படியோ வந்திருக்கிறது. போன ஆண்டு ஜூனில் என்னைக் கேட்காமல் அவர் வாங்கி வந்தது. மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை, பருத்தி. அறுபத்தைந்து வயதில் இதைக் கட்டிக்கொண்டு நான் தெருவில் போகவா, திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் அலமாரியில் வைத்துவிட்டார். திருப்பிக் கொடுக்கவில்லை. நான் பிரிக்கவே இல்லை. கடைச் சீட்டு அப்படியே இருக்கிறது: ரவிக்கைத் துணியுடன் 6.25 மீட்டர். மடிப்புதான் கடை மடிப்பாக இல்லை. விமான நிலையத்தில் கிளறியிருக்கிறார்கள். மடிக்கத் தெரியாதவர்கள் ஏன் பிரிக்கவேண்டும்?

செப்டம்பர் 4, புதன்

கட்டடத்தின் பின்னால் நீச்சல் குளம். இருபத்தைந்து மீட்டர் என்றார் அஸ்மான். யார் அளந்தது என்று கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். எல்லோரும் சொல்வதைக் கொண்டு நான் எதையும் குறிப்பில் எழுதுவதில்லை. நீண்ட அளவுநாடா வேண்டுமென்றால் ஊருக்குள் போகவேண்டும். நாற்பது நிமிடம் நின்றும் பேருந்து வரவில்லை. மேலே வந்து யோசித்தேன். நீளம் அச்சிட்ட பொருள் ஒன்று கையில் இருக்கும்போது நாடா எதற்கு?

கீழ்த்தளத்தில் துணி வெளுத்துத் தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள் கோகிலவாணி. ஐம்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பமாம். ஒரு கை பிடிக்க அவளைக் கூப்பிட்டேன்.

"என்னா ஆன்ட்டி, குளத்துக்குச் சேல கட்டப்போறீங்களா?"

"உள்முனையைப் பிடி. தொய்யக்கூடாது. ஈரத்தில் விழக்கூடாது."

"கல்யாணப் பொண்ணாட்டம்லா இருக்கு கலரு! யாருக்கு ஆன்ட்டி?"

"பேசாமல் பிடி."

நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். குளத்தின் ஓரமாக நான்கு முறை நீட்டினோம். ஒரு விரல்கடைகூட அதிகமோ குறைவோ இல்லை. 6.25 நான்கு முறை, 25 மீட்டர். அஸ்மான் அளக்காமல் சொன்னது சரியாகப் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

76 நீளம், 1900 மீட்டர். 67 நிமிடம்.

செப்டம்பர் 7, சனி

சைக்கிள் 60 கி.மீ. லாரிகள் காதருகே வந்து ஹார்ன் அடிக்கின்றன. நாய் ஒன்று மூன்று கிலோமீட்டர் துரத்தியது. என் வேகம் கூடியதற்கு அது ஒரு காரணம்.

துணிகளைக் கோகிலவாணியிடம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினேன். "நாலு துணிக்கு ஏன் ஆன்ட்டி இத்தன தரம் எண்றீங்க?" என்றாள். காரணம் சொன்னேன். ஊரில் இஸ்திரி போடும் சுடலை போன ஆண்டு என் ஊதா ரவிக்கையைத் தொலைத்துவிட்டார். "நா பாக்கவே இல்ல டீச்சரம்மா" என்று கடைசிவரை சாதித்தார். பதினெட்டு வருடப் பழக்கம். நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கான்வென்டில் படித்த நாளிலிருந்து ஞாயிறு தவறாத பழக்கம், மாதா கோயிலுக்கு நடந்து போய் வந்தேன். ஒன்பது கி.மீ. அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

76 நீளம். 65 நிமிடம்.

செப்டம்பர் 12, வியாழன்

முதல் முறையாகக் கடல். சைக்கிளிலேயே போனேன். மிதவை, கரை, மிதவை என்று நீந்தினேன். கையில் ஜெல்லி மீன் பட்டுச் சிவந்துவிட்டது. என்னோடு நீந்திய சீனப் பெண் லீ கைக்கடிகாரத்தைக் காட்டி, ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர் வந்திருக்கிறோம் என்றாள். எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால் ஆயிரத்து நானூறுக்குக் குறையாது. உன் கடிகாரம் பழுது, என் குளம் அளந்த குளம் என்றேன். பணிவான பெண். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

76 நீளம். 62 நிமிடம்! எட்டு நிமிடம் கையிருப்பு.

இன்பநாதனுக்கு ஃபோன் செய்தேன்.

"நெசமாத்தான் சொல்லுதீங்களாம்மா?"

"நான் எப்போதடா பொய் சொன்னேன்?"

"அதுக்கில்ல. எண்ணும்போது ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும். அப்பா இருந்தா அவங்க எண்ணுவாங்க, நீங்க நீந்துவீங்க."

எழுபத்தாறு வரை எண்ண எனக்கு ஆள் தேவையில்லை என்றேன்.  

செப்டம்பர் 17, செவ்வாய்

ஓட்டம் 18 கி.மீ. முழங்கால் சரியாக இருக்கிறது. மழை.

செப்டம்பர் 21, சனி

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போட்டிக்கு முந்தின நாள் மாலை வீரர்களுக்கு விருந்து. கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு புடவையும் உப்புக் காற்றில் தொய்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அந்த மஞ்சளைத் தேய்க்கக் கொடுத்தேன். அரை மணியில் கோகிலவாணி மேலே வந்தாள்.

"ஆன்ட்டி, தெச்ச ப்ளவுஸையும் குடுங்க. சேத்தே அயர்ன் பண்ணிடறேன்."

"தைக்கவில்லை. துணி புடவையோடேயே இருக்கிறது."

"எங்கே இருக்கு? வெட்டியாச்சே."

"சீட்டைப் படித்துப் பார்."

"சீட்டு என்னா வேணாலும் சொல்லட்டும் ஆன்ட்டி. இருபத்தஞ்சு வருசமா சேல தேய்க்கிற கை இது. வெட்டின சேல, வெட்டாத சேல, கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். அன்னிக்குக் குளத்துல நா புடிச்ச முனையே மடிச்சுத் தெச்சதுதான்."

கீழே போனேன். அவளிடம் ஒன்றரை மீட்டர் தையல் நாடா இருந்தது. புடவையை மேசையில் விரித்து நானே அளந்தேன். மூன்று முறை அளந்தேன். ஐந்தரை மீட்டர்.

நான்கு முறை ஐந்தரை, இருபத்திரண்டு.

குளம் இருபத்திரண்டு மீட்டர். நான் இத்தனை நாளும் 1900 என்று எழுதியது 1672. 62 நிமிடம் என்று மகனிடம் பீற்றிக்கொண்ட வேகத்தில் 1900 மீட்டர் நீந்தினால் 70 நிமிடம் 27 விநாடி. இருபத்தேழு விநாடி அதிகம்.

லீயின் கடிகாரம் சரி.

"மூஞ்சி ஏன் ஆன்ட்டி இப்படி வெளுத்துப் போச்சு? ஒக்காருங்க. மைலோ கலக்கறேன்" என்றாள் கோகிலவாணி. உட்கார்ந்தேன். குடித்தேன். அதில் சர்க்கரை மிக அதிகம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பிழையாக எழுதியதைச் சுரண்டக்கூடாது, மை பூசி மறைக்கக்கூடாது, ஒற்றைக் கோடு போட்டு மேலே சரியானதை எழுதிக் கையொப்பம் இடவேண்டும் என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பள்ளியில் எல்லா ஆசிரியைகளையும் அப்படியே செய்யவைத்தேன். பயிற்சிக் குறிப்பேட்டில் நீச்சல் நாள்கள் ஒன்பது. ஒன்பதிலும் கோடு போட்டேன். ஒன்பது கையொப்பம். பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை.

லீக்குச் செய்தி அனுப்பினேன்: உங்கள் கடிகாரம் சரி, நான்தான் தவறு. சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பியிருக்கிறாள்.

செப்டம்பர் 23, திங்கள்

கடையில் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, சீட்டில் இருந்த எண்ணுக்குத் திருநெல்வேலிக்கு ஃபோன் செய்தேன். முழுப் புடவையாகத்தான் கொடுத்தோம், வெட்டிக் கொடுக்கும் வழக்கமே எங்களிடம் இல்லை என்றார்கள். மறுபடியும் விளிம்பைப் பார்த்தேன். கைத்தையல். மஞ்சள் நூல், துணியோடு துணியாகத் தெரிகிறது. நல்ல வேலைக்காரர். ஏமாற்றுகிறவன் இவ்வளவு பொறுமையாகத் தைக்கமாட்டான்.

பிறகு யார்? இதை இப்போது யோசிப்பதற்கில்லை. ஆறு நாள் இருக்கிறது.

86 நீளமும் எட்டு மீட்டரும். இதுதான் 1900. எட்டு மீட்டர் வரும் இடத்தில் அஸ்மான் ஒரு வாளியை வைத்தார். 71 நிமிடம் 10 விநாடி.

செப்டம்பர் 25, புதன்

86 நீளம், எட்டு மீட்டர். 70 நிமிடம் 20 விநாடி. கோகிலவாணி கடையைப் பூட்டிவிட்டு வந்து குளத்தோரம் உட்கார்ந்தாள். "காலு ஒதைங்க ஆன்ட்டி, காலு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கடைசி நான்கு நீளத்துக்கு அஸ்மானும் சேர்ந்துகொண்டார். இப்படிக் கூச்சல் போட்டுப் பயிற்சி செய்வது எனக்குப் பழக்கமில்லை. என் கணவர் கரையில் நின்றால் நிற்பது தெரியாது.

செப்டம்பர் 27, வெள்ளி

69 நிமிடம் 50 விநாடி.

பத்து விநாடி போதும்.

செப்டம்பர் 28, சனி

விருந்துக்கு மஞ்சள் புடவையும் வெள்ளை ரவிக்கையும். கோகிலவாணி கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்தவள், "அழகா இருக்கீங்க ஆன்ட்டி" என்றாள். அவளுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். ரவிக்கை பொருந்தவில்லை என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழேகாலுக்குத் தண்ணீரில் இறங்கினோம். கணுக்காலில் நேரம் பதியும் பட்டை கட்டியிருந்தார்கள். அலை குறைவு. முதல் மிதவையில் இருபத்திரண்டரை நிமிடம். கணக்குப்படி அதுவே முன்னேற்றம். இரண்டாவது மிதவையில் நாற்பத்தாறு. மூச்சு சீராக இருந்தது. எண்ணுவதற்கு நீளங்கள் இல்லாததால் கை வீச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான். கரை கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார்கள். கறுப்புக் குடை. அதையே குறி வைத்து நீந்தினேன். நீந்திக்கொண்டிருக்கும்போதே, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தையல்காரர் குரல் காதில் விழுந்தது. சார் குடுத்தது ரெடிம்மா.

பேண்ட் என்று அவர் சொல்லவில்லை. பேண்ட் என்று சொன்னது நான்.

மிதந்துகொண்டு நின்றுவிட்டேன். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கழற்றிக் கொட்டிவிட்டு மாட்டினேன். மறுபடியும் நிறைந்தது. மறுபடியும் கொட்டினேன். படகிலிருந்த பையன் உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இருக்காது.

கரையில் கால் வைத்து ஓடினேன். 70 நிமிடம் 19 விநாடி. நீச்சல் முடியும் இடத்து வளைவை நான் நெருங்கும்போது கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டார்கள். முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் மண்டியிட்டு என் கணுக்காலிலிருந்து பட்டையைக் கழற்றினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கோகிலவாணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "பத்தொம்பது செகண்டுலா! இந்த வயசுல உங்கம்மா இப்படி நீந்துமா? கயித்த அவுத்து விடுங்க!" என்று அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டாள். தமிழ் பாதி, மலாய் பாதி. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு. அவர்கள் செய்தது சரி."

"என்னா சரி ஆன்ட்டி?"

பத்தொன்பது ஆண்டுகள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னவள் நான். மணி அடித்து முடிந்த பிறகு ஓடி வந்தவர்கள் யாரையும் உள்ளே விட்டதில்லை. வெளியே நின்றால் கதவு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

போட்டி முடியும்வரை சைக்கிளைத் தரமாட்டார்கள். மணலில் உட்கார்ந்திருந்தோம். குடை பிடித்திருந்தது ஒரு சீனக் கிழவர். கடைசிவரை அவர் குடையை இறக்கவே இல்லை. பிறகு பதினொரு கிலோமீட்டர் மிதித்து வீடு வந்தேன். கோகிலவாணி மோட்டார் சைக்கிளை என் வேகத்துக்கு ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

இன்பநாதனிடம் சொன்னேன். "விடுங்கம்மா. பத்தொம்போது செகண்டுதான. அந்தக் காயிதத்த நா கிழிச்சிருதேன். நீங்க பாளையங்கோட்டையிலயே இருங்க" என்றான்.

எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றேன். ஓசூரில் உன் வீட்டருகே நீச்சல் குளம் இருந்தால் எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து வை, யார் சொன்னதையும் கேட்காதே என்றேன். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

நாளை விமானம். இன்று காலை எழுதி அனுப்பிய கடிதங்கள் இரண்டு. இஸ்திரி போடும் சுடலைக்கு எழுதியது மன்னிப்பு. அது நான்கு வரி. மற்றதை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

திரு. இசக்கிமுத்து அவர்களுக்கு,

நான் பாளையங்கோட்டை நில அளவையர் ஆவுடையப்பன் அவர்களின் மனைவி செண்பகவல்லி. போன ஆண்டு ஜூலையில், அவர் காலமான இரண்டாவது வாரம், அவர் கொடுத்தது தயார் என்று நீங்கள் ஃபோன் செய்தீர்கள். என்ன துணி என்று கேட்காமல், பேண்ட் என்று நானே முடிவு செய்து, யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். என் தவறு.

அவர் உங்களிடம் கொடுத்தது மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை வைத்த முக்கால் மீட்டர் ரவிக்கைத் துணியா? அளவுக்கு ஓர் ஊதா ரவிக்கையும் கொடுத்தாரா? ஆகஸ்ட் 24க்குள் வேண்டும் என்று சொன்னாரா? அது எங்கள் நாற்பதாவது திருமண நாள்.

ரவிக்கை இன்னும் உங்களிடம் இருந்தால் வைத்திருக்கவும். அக்டோபர் இறுதியில் வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறேன். அதற்குள் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்க வேண்டாம். வாங்கிக்கொண்டவருக்கு அது பொருந்துகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. அந்தப் புடவையை நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். துணியைக் கொடுக்கும்போது என் கணவர் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அது எப்படிப்பட்டதாக இருந்தாலும், சொன்னபடியே எழுதவும்.

இந்த விஷயத்தில் ஃபோனில் பேசி நான் ஒரு முறை பிழை செய்துவிட்டேன். ஆகவே தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.